ஜல்லி, கிரானைட் சில்லு, லாரி டயர் கம்பி: நம்ம ஊர் ரோட்டில் கார் டயர் எவ்வளவு தாங்கும்?

பாலக்கோட்டான் (பாலக்கோடு)

தினமும் பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூர் போய் வருகிற ஆள் நான். வண்டி சின்ன ஹேட்ச்பேக், டயர் 175/65 ஆர்14, டியூப்லெஸ். பக்கவாட்டில் 1822 என்று போட்டிருக்கிறது. 2022ஆம் வருஷம் 18ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன், அதாவது தரையைத் தொடுகிற பள்ளம் வெட்டிய ரப்பர், பாதிக்கு மேல் இருக்கிறது.

சர்வீஸுக்கு விட்ட இடத்தில் நாலு டயரையும் மாற்றச் சொல்கிறார்கள். பட்டன்மேல் நிறைய வெட்டு, ஒன்றில் கல் சில்லு ஏறி உட்கார்ந்திருக்கிறது, பின்பக்க இடது டயரில் சைடில் ஒரு கீறல், இதுதான் அவர்கள் சொல்கிற காரணம். ஊரில் பஞ்சர் கடைக்காரரைக் கேட்டால் "இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டு தம்பி" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

எந்த வெட்டு ஆபத்து, எது இல்லை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கூடவே ஆர்வத்தில் ஒரு கேள்வி. ஜல்லி, ஆணி, உடைந்த பாட்டில் எல்லாவற்றின் மேலும் ஏறித்தான் போகிறோம். காற்று அடைத்த ரப்பர் இதை எப்படித்தான் தாங்குகிறது?

ஆறுவழி (ஓசூர்)

ப்ரோ, உள்ள ஸ்டீல் பெல்ட் ரெண்டு லேயர் இருக்கு. புல்லட் புரூஃப் ஜாக்கெட் கணக்கு, அதான் தாங்குது. நாலு டயர் மாத்தச் சொல்றது கமிஷனுக்கு, விடுங்க. காத்து மட்டும் 40 வெச்சிக்கோங்க. டைட்டா இருந்தா ஆணி ஏறாது. நான் அப்படித்தான் ஓட்டறேன்.

கலவைக்காரர் (ஓசூர்)

ரப்பர் ஆலையில் கலவைப் பிரிவில் பல வருஷம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறுவழி தம்பி சொன்ன இரண்டுமே தலைகீழ். கூரான பொருளை டயர் எதிர்த்து நிற்பதில்லை. அதற்கு இடம் கொடுத்து, சுற்றி வளைந்து, தாண்டிப் போய்விடுகிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். கார் 1,100 கிலோ என்றால் சக்கரத்துக்குச் சுமார் 275 கிலோ. 33 பி.எஸ்.ஐ. காற்று என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ. 275ஐ 2.3ஆல் வகுத்தால் 120 சதுர சென்டிமீட்டர் வரும். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுகிற இடம் அவ்வளவுதான், விரித்த உள்ளங்கை அளவு. காரைத் தூக்கி நிறுத்துவது அங்கே இருக்கிற காற்றழுத்தம். ரப்பர் வெறும் பை.

இப்போது அந்த உள்ளங்கைக்குள் ஒரு ஜல்லிக்கல் வருகிறது. கட்டை வண்டியின் இரும்புப் பட்டை அதன்மேல் ஏறினால் அந்தச் சக்கரத்தின் எடை முழுக்கக் கல் முனையில் இறங்கும். டயர் அப்படி இல்லை. கல் இருக்கிற இடத்தில் மட்டும் பட்டன் உள்ளே குழிகிறது, மற்ற இடமெல்லாம் தரையிலேயே இருக்கிறது. கல்லைச் சுற்றி 4 செ.மீ. விட்டத்துக்கு டயர் தூக்கப்பட்டது என்று வைத்துக்கொண்டால் அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 12.5 சதுர செ.மீ. அதன்மேல் காற்று தள்ளுவது 30 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பெல்ட்டை வளைக்க ஆகும் விசையும் இதோடு சேரும், ஆனாலும் 275 கிலோவுக்குப் பக்கத்தில்கூட வராது. இந்தக் குணத்தால்தான் ஜல்லி பரப்பின ரோட்டில் டயர் கிழியாமல் போகிறது.

காற்றை 40க்கு ஏற்றினால் என்ன ஆகும்? டயர் விறைத்துப் போகும், குழிய மாட்டேன் என்னும். கல்லின் முனைக்குப் போகிற பங்கு கூடும். வேகத்தில் கூரான கல்லிலோ பள்ளத்தின் விளிம்பிலோ அடித்தால் உள்ளே நூல் அறுபடும் வாய்ப்பும் கூடும். நடுப்பட்டன் சீக்கிரம் தேய்வது தனி.

குறைந்தாலும் கெடுதல்தான். சைடு வெளியே பிதுங்கி ரோட்டோரக் கல்லில் உரசும். பள்ளத்தில் விழுந்தால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் சைடு நசுங்கும். சைடு மடங்கி மடங்கிச் சூடேறுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். டிரைவர் கதவு தூணில் ஒட்டியிருக்கிற அளவை, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது வையுங்கள். அதற்கு மேல் நம் புத்திசாலித்தனம் வேண்டாம்.

ஸ்டீல் பெல்ட் பற்றி அடுத்த பதிவில்.

ஊத்தங்கரை வாத்தியாரம்மா (ஊத்தங்கரை)

சார், ஒரு சந்தேகம். கல்லுக்கு இந்தக் கணக்கு சரி. ஆணிக்கு முனை ஒரு சதுர மில்லிமீட்டர்கூட இருக்காதே. 30 கிலோ வேண்டாம், 10 கிலோ இறங்கினாலே குத்திவிடாதா? அப்புறம் டயர் என்ன தாங்குகிறது?

கலவைக்காரர் (ஓசூர்)

பிடித்துவிட்டீர்கள். நிமிர்ந்து நிற்கிற ஆணியைச் சாதாரண கார் டயர் எதுவும் தடுக்காது. ரோட்டில் கிடக்கிற ஆணி படுத்துக் கிடக்கிறது, அதனால்தான் பெரும்பாலும் தப்பிக்கிறோம்.

இரும்பு பெல்ட் கவசம் என்பது பரவலான நம்பிக்கை. அது தகடு கிடையாது. மெல்லிய கம்பிகளை முறுக்கி, வரிசையாக, நடுவில் ரப்பர் விட்டுப் பதித்த துணி போன்ற அடுக்கு. இரண்டு அடுக்கும் ஒன்றுக்கொன்று எதிர்ச்சாய்வாகக் குறுக்கே போகும். பட்டனைத் தட்டையாகப் பிடித்து வைப்பதும், ஸ்டியரிங் திருப்பினால் டயர் நெளியாமல் திரும்ப வைப்பதும்தான் அதன் வேலை. கல் வெட்டு ஆழமாகப் போகாமல் ஓரளவு தடுக்கும், மறுக்கவில்லை. ஆணியோ கம்பியை ஒதுக்கிவிட்டு இடுக்கில் நுழைந்துவிடும்.

வெளியிலிருந்து உள்ளே போனால் முதலில் பட்டன் ரப்பர், புதுசில் 7 முதல் 8 மி.மீ. பள்ளம். அதன் கீழே நைலான் சுற்று, பிறகு இரண்டு இரும்பு பெல்ட், பிறகு பாலியெஸ்டர் நூல் அடுக்கு. கடைசியில் லைனர் எனப்படும் உள்தோல். இது பியூட்டில் வகை ரப்பர், காற்றை மிக மெதுவாகத்தான் கசிய விடும். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் இந்த உள்தோலும் சுற்றியுள்ள ரப்பரும் ஆணியின் உடம்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். பழைய டியூப் டயரில் ஆணி ஏறினால் டியூப் கிழிந்து காற்று வால்வு துளை வழியாகவும் ரிம் வழியாகவும் ஒரே மூச்சில் போய்விடும். வண்டி இழுத்துக்கொண்டு ஓடும். டியூப்லெஸ்ஸில் வீடு வந்து சேர்ந்து மறுநாள் காலையில்தான் டயர் தணிந்திருப்பது தெரியும். ஆக, ஆணி விஷயத்தில் டயரின் சாமர்த்தியம் குத்தாமல் இருப்பதில் இல்லை, குத்திய பிறகு காற்றை விடாமல் இருப்பதில்.

ரப்பர் கிழிவது பற்றியும் ஒரு வார்த்தை. இயற்கை ரப்பரை நன்றாக இழுத்தால் அதன் மூலக்கூறுகள் வரிசைப்பட்டுப் படிகமாகும். வெட்டின் நுனியில்தான் இழுவை அதிகம், ஆகவே அங்கேயே ரப்பர் தானாக உறுதிப்பட்டு, கிழிசல் மேலே ஓடாமல் நிற்கும். லாரி டயரில் இயற்கை ரப்பர் அதிகம் போடுவதற்கு இது முக்கியக் காரணம். கார் பட்டனில் செயற்கை ரப்பரும் சிலிகாவும் கூடுதல். ஈரத்தில் பிடிப்பும் மைலேஜும் கிடைக்கும், கல் வெட்டுக்குக் கொஞ்சம் இளக்கம்.

சக்கரம் காவேரிப்பட்டணம் (காவேரிப்பட்டணம்)

வணக்கங்க. பஞ்சர் கடைதான் நம்ம தொழில். சார் சொன்னது படிக்க நல்லா இருந்துச்சி. கடையில பாக்கறத நான் சொல்றேன்.

பஞ்சர் பின் சக்கரத்துலதான் அதிகம் வரும். முன் சக்கரம் ஆணிய மிதிச்சி நிமித்தி உடும், பின் சக்கரம் போயி அதுமேல ஏறும். படுத்திருந்த ஆணி எப்படி ஏறுச்சின்னு கேக்கறவங்களுக்கு இதான் பதில்.

மழை புடிச்சிட்டா கடையில கூட்டம். தண்ணி ஆணியக் கல்ல ரோட்டுக்கு அடிச்சிக்கினு வரும், அது ஒரு காரணம். ரப்பரு ஈரமா இருந்தா சுளுவா அறுபடும், அது இன்னொண்ணு. டயர் செருப்பு செய்யறவங்க பாத்திருக்கீங்களா? கத்தியத் தண்ணியில முக்கி முக்கித்தான் டயர அறுப்பாங்க. காஞ்ச கத்தி ரப்பர்ல மாட்டிக்கும், நகராது. மழையில ரோட்டுல கெடக்குற கல்லு சில்லும் அதே வேலையத்தான் செய்யுது.

தேஞ்ச டயரும் அதே மாதிரிதான். பட்டன் 8 மி.மீ. இருக்கும்போது சின்ன ஆணி ரப்பரோட நின்னுடும். 2 மி.மீ.க்கு வந்தாச்சின்னா அதே ஆணி உள்ள எட்டிடும். வாரத்துக்கு ஒரு பஞ்சர்னு வர்ற வண்டியப் பாருங்க, டயர் வழவழன்னு இருக்கும். சட்டத்துல காருக்கு 1.6 மி.மீ. வரைக்கும் ஓட்டலாம். பட்டன் பள்ளத்துக்குள்ள சின்ன மேடு இருக்கும், அது மட்டத்துக்குத் தேஞ்சா முடிஞ்சது கதை. நம்ம ரோட்டுக்கு அதுவரைக்கும் போவ வேணாம்னுதான் நான் சொல்வேன்.

பாலக்கோட்டான் தம்பி, போட்டோ போடுங்க.

பர்கூர் கல் (பர்கூர்)

கிரானைட் பாலீஷ் பட்டறையில் சூப்பர்வைசர். எங்கள் பக்கத்துக் கல்லைப் பற்றி நானும் சொல்லியாக வேண்டும்.

ஆற்றுக் கூழாங்கல் உருண்டிருக்கும், டயருக்கு ஒன்றும் ஆகாது. கிரஷர் ஜல்லி புதிதாக உடைந்தது, விளிம்பு கத்தி போல் இருக்கும். கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது, ஆணி இரும்பைவிடக் கடினம். வண்டிகள் ஏறி இறங்குவதால் அதன் விளிம்பு லேசில் மழுங்காது, பொடிந்தால் இன்னும் புது விளிம்புதான் வரும். குவாரி ரோடு பிரிகிற இடங்களிலும் வளைவுகளிலும்தான் டிப்பர்களிலிருந்து கொட்டும். தார்ப்பாய் போட்டு மூடாத வண்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள், கண்ணாடிக்கும் கேடு.

பட்டறையில் டிரைவர்களிடம் நான் ஓயாமல் சொல்வது இது. ஜல்லிமேல் நின்றபடி ஸ்டியரிங்கைத் திருப்பாதே, கிளட்சை விட்டு சக்கரத்தைச் சுழல விடாதே. நேராக உருண்டு போனால் டயர் கல்லைச் சுற்றி வளைகிறது. நின்ற இடத்தில் முறுக்கினால் கல்லின் விளிம்பு ரப்பரைச் செதுக்குகிறது. பட்டறை வாசலில் நிற்கிற வண்டிகளின் முன் டயர் ஓரம் பார்த்தாலே தெரியும், யார் எப்படித் திருப்புகிறான் என்று.

பதினாறு சக்கரம் (தொப்பூர்)

கல்லவிட மோசம் ஒண்ணு இருக்கு, யாரும் சொல்லல. லாரி டயர் கம்பி.

தருமபுரிலேந்து சேலம் பக்கம் தொப்பூர் கணவாய் எறங்குறப்ப பாருங்க, ரோட்டோரம் பூரா கறுப்பு கறுப்பா டயர் தோலு கெடக்கும். லோடு வண்டி பிரேக்கப் புடிச்சிக்கினே எறங்குனா டிரம் சூடு ரிம்முக்கு ஏறி டயருக்குப் போவும். காத்து கம்மியா ஓட்டற ரீட்ரேட் டயர்னா, அதாவது தேஞ்ச டயர் மேல புது பட்டன் ஒட்டுனதுன்னா, பட்டன் கழண்டு தெறிக்கும். அந்தத் தோலுக்குள்ள மெல்லிசு மெல்லிசா கம்பி இருக்கு. வெயில்ல ரப்பரு உதிர்ந்து கம்பி மட்டும் ரோட்டுல கெடக்கும். முடி மாதிரி இருக்கும், கார் டயர்ல ஏறுனா கண்ணுக்கே தெரியாது. தெனம் ரெண்டு மூணு பாயிண்ட் காத்து கொறையும், ஏன்னு புரியாது.

ரெட்டைப் பாலம் பக்கம் ஆக்சிடென்ட் ஆவுற எடத்துல கண்ணாடி, இரும்புத் துண்டு எல்லாம் ஓரமா தள்ளி உட்டுட்டுப் போயிடுவாங்க. ஓடற வண்டிங்க காத்துலயும் எல்லாக் குப்பையும் ஓரத்துக்குத்தான் போவும். அதனால வெள்ளக் கோட்டுக்கு வெளிய ஓட்டாதீங்க. இடது பக்கம் ஓரமாப் போயி ஓவர்டேக் அடிக்கிற கார்க்காரங்க அடிக்கடி பஞ்சர்னு அழறதுக்குக் காரணம் அதான்.

பெரிய டயர் துண்டு, இரும்பு நடு ரோட்டுல கெடந்தா 1033க்கு போன் போடுங்க, தேசிய நெடுஞ்சாலை ஆளுங்க நம்பர். எடுக்க வருவாங்க.

சக்கரம் காவேரிப்பட்டணம் (காவேரிப்பட்டணம்)

கரெக்டுணா. அந்தக் கம்பிய எடுக்கறது பெரும்பாடு. தண்ணித் தொட்டியில முக்கினா ஒரு ஊசி முனை குமிழி வரும், அவ்ளோதான். குறடு வெச்சித்தான் புடுங்கணும்.

நம்ம ஜில்லாவுல நான் புடுங்கற ஐட்டம் சொல்றேன். தக்காளி மரப்பெட்டி ஆணி முன்னாடி நெறைய வரும், இப்ப பிளாஸ்டிக் கிரேட் வந்ததுல கொறஞ்சிடுச்சி. ஓசூர்லேந்து வர்ற வண்டிங்கள்ல பேலட் கட்டை ஆணி, லேத்து பட்டறை இரும்புச் சுருள். உள்ளூர் ரோட்டுல மாட்டு லாட ஆணி. தோட்டத்துக்குள்ள போற வண்டியில வேலிக்காத்தான் முள்ளு. டூ வீலர்ல முள்ளு நேரா ஏறும், கார்ல முனை உள்ளாறயே ஒடிஞ்சி நிக்கும்.

ஊத்தங்கரை வாத்தியாரம்மா (ஊத்தங்கரை)

கேழ்வரகை விட்டுவிட்டீர்களே! அறுவடை முடிந்தால் கிராமத்து ரோட்டில் கேழ்வரகும் கொள்ளும் பரப்பி விடுகிறார்கள், வண்டி ஏறிப் போரடிக்கட்டும் என்று. அதைச் சுற்றி அரண் மாதிரி கல் வைக்கிறார்கள். சாயங்காலம் தானியத்தை அள்ளிக்கொண்டு போகிறவர்கள் கல்லை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இருட்டில் அதில் ஏற்றினால் சைடுதான் அடி வாங்கும். வைக்கோலுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்றும் தெரியாது. விவசாயிகளுக்குக் களம் இல்லை, எனக்கும் புரிகிறது. கல்லையாவது எடுத்துப் போடலாம்.

ஆறுவழி (ஓசூர்)

ஓகே சார், 40 விஷயம் புரிஞ்சுது. 33க்கு எறக்கிட்டேன். ஆனா ஒண்ணு கேக்கணும். ஹைவேல சில இடத்துல ஒரே கிலோமீட்டருக்குள்ள ரெண்டு மூணு கார் பஞ்சராகி நிக்குது, பக்கத்துலயே பஞ்சர் கடை. இது தற்செயல்தானா?

சக்கரம் காவேரிப்பட்டணம் (காவேரிப்பட்டணம்)

தம்பி, இதக் கேட்டாலே எங்களுக்கு வயிறு எரியுது. தப்பு செய்யறவன் எல்லாத் தொழில்லயும் இருப்பான், இல்லன்னு சொல்லல. ஆனா ஆணியப் பாத்தா தெரிஞ்சிடும். துருப்புடிச்சி, தேஞ்சி, தலை நசுங்கி இருந்தா ரோட்டுல நாளாக் கெடந்தது. புத்தம் புதுசா ஒரே சைஸ்ல ரெண்டு மூணு ஆணி ஒரே டயர்ல இருந்தா போலீஸ்ல சொல்லுங்க, நானே வந்து சாட்சி சொல்றேன். புடுங்குன ஆணியக் குடுன்னு கேட்டு வாங்கி வெச்சிக்கங்க.

நெறியாளர்

ஊர், கடை பேர் சொல்லிக் குற்றம் சாட்டும் பதிவுகளை நீக்குவோம். இந்தப் பேச்சு இதோடு போதும். டயருக்கு வாருங்கள்.

பாலக்கோட்டான் (பாலக்கோடு)

படங்கள் இணைத்திருக்கிறேன். முதல் மூன்றும் பட்டன்மேல் உள்ள வெட்டுகள். நாலாவது உள்ளே ஏறின கல். ஐந்தாவது சைடில் உள்ள கீறல், கட்டைவிரல் அகலம் இருக்கும். விரலால் வளைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிகிறது.

சக்கரம் காவேரிப்பட்டணம் (காவேரிப்பட்டணம்)

முதல் மூணும் மேல் தோலுதான், பயமே இல்ல. கல்ல ஸ்க்ரூ டிரைவரால மெதுவா நெம்பி எடுங்க. எடுத்த எடத்துல சோப்புத் தண்ணி உட்டுக் குமிழி வருதான்னு பாருங்க. கல்ல அப்படியே உட்டா ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள எறங்கும்.

அஞ்சாவது படம், தம்பி, நூல் வந்துடுச்சி. அத வெச்சி ஹைவேல போவாதீங்க. ஸ்டெப்னிய மாட்டுங்க இன்னிக்கே.

பாலக்கோட்டான் (பாலக்கோடு)

ஒரு சின்னக் கீறல்தானே அண்ணா? காற்றுகூட இறங்கவில்லை. உள்ளே பேட்ச் போட முடியாதா?

கலவைக்காரர் (ஓசூர்)

காற்று இறங்காததுதான் ஏமாற்றும். சைடில் இரும்பு பெல்ட் கிடையாது. டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும், படித்துப் பாருங்கள்: பட்டன் பகுதியில் பாலியெஸ்டர், இரும்பு, நைலான் என்று வரிசையாக இருக்கும். சைடுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு பாலியெஸ்டர் அடுக்கு.

இது ரேடியல் டயரின் பிறவிக் குணம். மிஷலின் நிறுவனம் 1946இல் இதற்குக் காப்புரிமை பெற்றபோது யோசனையே அதுதான். நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும், சைடு மெல்லியதாக இருந்து தாராளமாக மடங்கும், பட்டன் பெல்ட்டின் பிடியில் தட்டையாக உருளும். சைடு மடங்குவதால்தான் டயர் கல்லைச் சுற்றி வளைய முடிகிறது, சொகுசும் கிடைக்கிறது. அதற்கு விலை, சைடில் ஏதாவது வெட்டினால் நூலைத் தவிரத் தடுக்க ஆளில்லை.

அந்த நூல்தான் காற்றழுத்தத்தைத் தாங்குகிறது. நாலைந்து நூல் அறுந்தால் அவற்றின் சுமை பக்கத்து நூலுக்குப் போகும். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் ஒரு முறை மடங்கி நிமிரும். பேட்ச் காற்றை அடைக்குமே தவிர அறுந்த நூலை இணைக்காது. பேட்சும் அந்த மடங்கலில் கழன்று வரும். வெட்டே இல்லாமல் சைடில் கொழுக்கட்டை மாதிரிப் புடைத்திருந்தாலும் இதே கதைதான், உள்ளே நூல் அறுந்திருக்கிறது.

பட்டன்மேல் வெட்டும் எல்லாம் சரி என்று விட்டுவிடக் கூடாது. உள்ளே இரும்புக் கம்பி மினுங்கினால் கவனியுங்கள். அந்த வழியே தண்ணீர் போய்க் கம்பி துருப்பிடிக்கும். கம்பிக்கும் ரப்பருக்கும் உள்ள பிடிப்பு விட்டுப் போகும். மாதக்கணக்கில் ஒன்றும் ஆகாதது போல் இருக்கும், பிறகு ஒரு வெயில் நாளில் பட்டன் உரிந்துகொண்டு வரும்.

ஆறுவழி (ஓசூர்)

சார், இதே சைடு மேட்டர்ல ஒண்ணு. 17 இஞ்ச் அலாய் வீல் போட்டிருக்கேன், சைடு ரொம்பக் குட்டை. அது நல்லதா கெட்டதா?

கலவைக்காரர் (ஓசூர்)

திருப்பத்தில் நல்லது, நம் ரோட்டுப் பள்ளத்துக்குக் கெட்டது. மடங்க இடம் கம்மி. கல் விளிம்பில் அடித்தால் அடி நேராக ரிம்முக்குப் போகும், நடுவில் நசுங்குவது சைடு. 33 வைத்ததோடு நிறுத்தாமல் அந்த அளவு டயருக்கு உங்கள் வண்டிக் கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

சக்கரம் காவேரிப்பட்டணம் (காவேரிப்பட்டணம்)

பஞ்சர் ஒட்டறதப் பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா இதுலதான் நெறைய பேரு காசு மிச்சம் புடிக்கறேன்னு கெடுத்துக்கறாங்க.

திரி போடறது, அதாவது வெளியேந்து ஊசியால குத்திச் சொருகறது, அஞ்சு நிமிஷ வேலை. ரோட்டுல நின்னா அது போதும், ஊட்டுக்கு வந்துடலாம். பல பேரு அதோடயே டயர் முடியற வரைக்கும் ஓட்டறாங்க, ஓடவும் செய்யுது. ஆனா டயரக் கழட்டாம உள்ள என்ன ஆச்சின்னு தெரியாது. காத்து இல்லாம கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா சைடு உள்பக்கம் ரப்பர் அரைஞ்சி மாவு மாதிரி கொட்டும். அந்த டயருக்குத் திரி போட்டு அனுப்பறது பாவம்.

மஷ்ரூம் பேட்ச்னா கழட்டி, உள்ளாற தேய்ச்சி, தண்டு ஓட்டைக்குள்ள போவும், குடை உள்தோல்ல ஒட்டும். ஓட்டையும் அடையும், தண்ணியும் கம்பிக்குப் போவாது. காசு கூட, ஆனா வேலை நிக்கும். ஓட்டை 6 மி.மீ.க்கு மேல இருந்தாலோ, பட்டன் ஓரம் சைடத் தொடற எடத்துல இருந்தாலோ எதையும் போடக் கூடாது.

இன்னொரு விஷயம், ரோட்டுல ஆணியப் பாத்துட்டு உடனே புடுங்காதீங்க. காத்து நின்னா அப்படியே மெதுவா கடைக்கு வாங்க. புடுங்கிட்டா அங்கயே உக்காந்துக்கணும்.

பாலக்கோட்டான் (பாலக்கோடு)

நன்றி அண்ணா. இன்று ஸ்டெப்னி மாட்டிவிட்டு, நாலையும் கழற்றி உள்ளே பார்க்கச் சொன்னேன். சைடு கீறின டயரில் உள்பக்கம் லேசாகப் புடைத்திருக்கிறது. அது குப்பைக்கு. கல் ஏறின டயரில் உள்ளே ஒன்றும் இல்லை. மற்ற இரண்டும் சுத்தம். ஆக நாலில் ஒன்று. இப்போது ஒன்றை மட்டும் வாங்கவா, ஜோடியாகவா?

பதினாறு சக்கரம் (தொப்பூர்)

ஜோடியா வாங்கி முன்னாடி போடுங்க தம்பி. ஸ்டியரிங் முன்னாடிதான் இருக்கு.

கலவைக்காரர் (ஓசூர்)

ஜோடி சரி. ஆனால் அண்ணா, புது டயர் காரில் பின்னால் போக வேண்டும். மழையில் முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழலும், சாதாரண டிரைவரால் பிடிக்க முடியாது. லாரி அனுபவம் வேறு. பாதிக்கு மேல் பட்டன் உள்ள பழசு முன்னால் தாராளமாக ஓடும். கழற்றின நல்ல டயர் ஸ்டெப்னிக்கு ஆகும்.

பதினாறு சக்கரம் (தொப்பூர்)

கார்க்காரங்க கணக்கு கார்க்காரங்களுக்கு. எங்க வண்டியில நான் முன்னாடிதான் போடுவேன்.

ஊத்தங்கரை வாத்தியாரம்மா (ஊத்தங்கரை)

ஸ்டெப்னி என்றதும் ஞாபகம் வருகிறது. தம்பி மகன் புது வண்டி எடுத்திருக்கிறான், அதில் ஸ்டெப்னியே இல்லை. கேட்டால் சட்டமே அப்படித்தான் என்கிறார்கள்.

கலவைக்காரர் (ஓசூர்)

2020இல் வந்த விதித் திருத்தம், அம்மா. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் காட்டுகிற கருவியும், பஞ்சர் அடைக்கும் கிட்டும் இருந்தால் சின்ன வண்டிகளுக்கு ஸ்டெப்னி கட்டாயம் இல்லை. அழுத்தக் கருவி உண்மையிலேயே நல்லது. மேலே சொன்ன கம்பி பஞ்சரை முதல் நாளே காட்டிக்கொடுக்கும்.

கிட்டில் இருக்கிற திரவம் பட்டன் பகுதியில் சின்ன ஓட்டையைத்தான் அடைக்கும். சைடு கிழிந்தால் உதவாது. ஊற்றின பிறகு மெதுவாக ஓட்டி, சீக்கிரம் கடைக்குப் போய் உள்ளே துடைத்துச் சரியான பேட்ச் போட வேண்டும். ஊற்றினேன் என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சக்கரம் காவேரிப்பட்டணம் (காவேரிப்பட்டணம்)

ஆமாங்க, சொல்லாம குடுத்துடறாங்க. டயரக் கழட்டுனா மூஞ்சி பூரா பால் மாதிரி தெறிக்குது.

வாத்தியாரம்மா, ஊத்தங்கரைலேந்து அரூர் பக்கம் ராத்திரி போற பையன்னா ஒரு ஸ்டெப்னி வாங்கிப் போடச் சொல்லுங்க. பத்து மணிக்கு மேல அந்த ரோட்டுல கடை தொறந்திருக்காது. சைடு கிழிஞ்சா கிட்டு வெச்சி என்ன பண்றது? வாங்கும்போது ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் சேத்து வாங்கணும். ஸ்டெப்னி இல்லாத வண்டியில அது ரெண்டும்கூட குடுக்கறதில்ல, போன வாரம் ஒருத்தரு சக்கரம் மட்டும் டிக்கியில வெச்சிக்கினு வந்து நின்னாரு.